போடிங்கில 24 பேருக்கு ஒரே ஃபைபர் லைன்: ரெண்டு மூண்டு பேர் முழுக்க இழுக்கிறதை எப்பிடிச் சமாளிக்கிற?

வந்தாறுமூலை வீடு:

கெம்பஸுக்குக் கிட்ட, பொம்பிளைப் பிள்ளைகள் தங்கிற போடிங். கீழ அஞ்சு அறை, மேல அஞ்சு அறை, மொத்தம் 24 பேர். எல்லாருக்கும் பொதுவா ஒரு ஃபைபர் லைன், மாதத்துக்கு 400 ஜிபி. விடியச்சாமம் எல்லாரும் தூங்கக்குள்ள சோதிச்சா டவுன்லோட் 48, அப்லோட் 9.5 எம்பிபிஎஸ் காட்டுது. பின்னேரம் 7 மணிக்குப் பிறகு சூம் வகுப்பு நிண்டு நிண்டு ஓடுது, அசைன்மெண்ட் ஏத்தேலாமக் கிடக்கு, பிங் (பதில் வர எடுக்கிற நேரம்) 900 மில்லிசெக்கன் வரைக்கும் போகுது. 20ஆம் தேதிக்கு முன்னமே டேட்டாவும் முடிஞ்சிடுது.

கம்பெனி தந்த ரவுட்டரில ஆளாளுக்குப் பிரிச்சுக் குடுக்க இடமில்ல. மேக் முகவரியை (ஒவ்வொரு போனும் வைஃபைக்குக் காட்டுற அடையாள இலக்கம்) தடுக்கிற பக்கம் மட்டும் இருக்கு. கூட இழுத்த ரெண்டு போனை அதில தடுத்தன். மற்ற நாள் அதே போன்கள் வேற முகவரியோட உள்ளுக்க நிக்குது. மாடிக்குப் பழைய வைஃபை ரவுட்டர் ஒண்டு கேபிள்ல போட்டிருக்கு.

யார் இழுக்கிறாங்க எண்டு கண்டுபிடிக்கிற வழியும், எல்லாருக்கும் சமனாப் பிரிச்சு விடுற வழியும் வேணும். புதுசா ஒரு பெட்டி வாங்கணும் எண்டா வாங்கலாம்.

கல்லடிப் பாலம்:

அக்கா, உங்கட லைனுக்கு ரெண்டு நோய். பின்னேரம் நெட் நிக்கிறது ஒண்டு, 400 ஜிபி நேரத்தோட முடியிறது மற்றது. ஒண்டுக்குக் குடுக்கிற மருந்து மற்றதுக்குக் கேட்காது. நான் முதலாவதைச் சொல்றன்.

எதையும் வாங்க முதல் ஒரு சோதினை. பின்னேரம் நெட் இழுபடுற நேரம் லெப்டொப்பில ரெண்டு கமாண்ட் திரை திறந்து, ஒண்டில ரவுட்டர்ர முகவரிக்கும் (கூட இடத்தில 192.168.1.1), மற்றதில வெளியில இருக்கிற கூகிள்ர 8.8.8.8க்கும் பிங் ஓட விடுங்க. ரவுட்டருக்கே 100, 200 எண்டு போனா நெரிசல் வைஃபையில. லைனைக் குறை சொல்லேலா. ரவுட்டருக்கு 2, 3 மில்லிசெக்கனும் 8.8.8.8க்கு 900உம் எண்டா லைன்ர வாயில வரிசை கட்டி நிக்குது. கீழயும் மேலயும் வேற வேறயாப் பாருங்க.

900 வாறதுக்கு நான் அப்லோடைத்தான் சந்தேகப்படுறன். கணக்கைப் பாருங்க: 9.5 எம்பிபிஎஸ் எண்டா செக்கனுக்கு 1.2 மெகாபைட்டுக்குக் கிட்ட. கம்பெனிப் பெட்டிக்குள்ள அனுப்பக் காத்திருக்கிற தரவு ஒரு மெகாபைட் தேங்கினாலே, பின்னால வாறது எல்லாம் 0.85 செக்கன் நிக்கணும். பிள்ளை ஒண்டு டவுன்லோட் மட்டும் செஞ்சாலும் "கிடைச்சிட்டு" எண்ட பதில் அந்த அப்லோட் வரிசையாலதான் போகணும். அதால டவுன்லோடும் சேர்ந்து படுத்திடும்.

அப்லோடை நிரப்புற ஆள் டொரண்ட் போடுற பிள்ளையாத்தான் இருக்கணும் எண்டில்ல. 24 போனும் கெம்பஸால வந்து ஒரே நேரத்தில வைஃபையைப் பிடிக்குது. பகல் எடுத்த படம், வீடியோ எல்லாம் தானா மேலே ஏறத் தொடங்குது. பிள்ளைகளுக்கே அது தெரியாது. விண்டோஸ் லெப்டொப்பில டெலிவரி ஒப்டிமைசேஷன் எண்ட செட்டிங் ஒண்டு இருக்கு. அதில இன்டர்நெட்டில இருக்கிற கொம்பியூட்டர்களையும் சேர்த்து விட்டிருந்தா, உங்கட லைனால வெளி ஆக்களுக்கு அப்டேட் அனுப்பிக் கொண்டிருக்கும். அதை எல்லா லெப்டொப்பிலயும் ஓஃப் பண்ணச் சொல்லுங்க, செலவில்லாத வேலை.

டவுன்லோட் பக்கத்தில வேற கதை. நெரிசல் வரக்குள்ள லைன் பிரியிறது இணைப்புக் கணக்குக்கு, ஆள் கணக்குக்கு இல்ல. ஒரு பிள்ளை 60 இணைப்புத் திறந்து இறக்கினா அவவுக்கு 60 பங்கு. சூம் கேட்கிற பிள்ளைக்கு ஒரு பங்கு.

இதுக்கு வழி, வரிசையை உங்கட பெட்டிக்குள்ள கொண்டு வாறது. மட்டக்களப்புப் பழைய கல்லடிப் பாலத்தை நினைச்சுப் பாருங்க, ஒரு நேரத்தில ஒரு பக்கத்து வாகனம்தான் போகும். பாலம் அகலாது, ஆனா எந்தப் பக்கத்தை எப்ப விடுற எண்டு முகப்பில நிக்கிற ஆள் முடிவெடுப்பார். இப்ப அந்த ஆள் கம்பெனிப் பெட்டிக்குள்ள நிக்கிறார், உங்கட சொல் அவருக்குக் கேட்காது. லைன்ர உண்மை ஸ்பீடை விடக் கொஞ்சம் குறைவா நீங்களே ஒரு வாசல் வைச்சா, வரிசை உங்கட வாசல்ல நிக்கும். பங்கு பிரிக்கிறதும் உங்கட கையில வரும்.

மைக்ரோடிக் ஹெக்ஸ் மாதிரி 5 போட் உள்ள சின்ன ரவுட்டர் போதும். இந்த அளவு லைனை அது சுகமாத் தூக்கும். கம்பெனிப் பெட்டியின்ர லேன் போட்டில (வீட்டுச் சாதனங்களைச் செருகிற துளை) இருந்து ஹெக்ஸ்ர முதலாவது போட்டுக்கு ஒரு கேபிள். ஹெக்ஸ் தன்ர பக்கத்துக்கு 192.168.88 வரிசையில முகவரி குடுக்கும். பிறகு கம்பெனிப் பெட்டியின்ர வைஃபையைக் கட்டாயம் ஓஃப் பண்ணுங்க. ஹெக்ஸில வைஃபை இல்ல, கீழ அறைகளுக்கு ஒரு அக்சஸ் பொயிண்டை (கேபிள்ல வாற நெட்டை வைஃபையா விடுற பெட்டி) ஹெக்ஸில செருகுங்க. மற்ற லேன் போட்டுகள்ல மாடி ரவுட்டர், டிவிப் பெட்டி, கேமரா ஏதும் செருகியிருந்தா கழட்டி ஹெக்ஸுக்கு மாத்துங்க. அங்க ஒரு ஆள் மிச்சம் இருந்தாலும் உங்கட வாசலுக்கு வெளியால போவார், செஞ்ச வேலை வீண்.

வின்பொக்ஸில (மைக்ரோடிக்கை செட் பண்ணுற மென்பொருள்) கியூஸ், சிம்பிள் கியூஸ் போய் ஒண்டு சேருங்க. கியூ எண்டா நான் சொன்ன வரிசை வாசல்தான். டார்கெட்டுக்கு பிரிட்ஜை (உள்பக்கப் போட்டுகள் எல்லாம் சேர்ந்தது) குடுங்க. மெக்ஸ் லிமிட் அப்லோட் 8.5எம், டவுன்லோட் 43எம். அது உங்கட அளவில 90 வீதம். அட்வான்ஸ்ட் பக்கத்தில கியூ டைப், அப்லோடுக்கு பிசிகியூ-அப்லோட்-டிஃபோல்ட், டவுன்லோடுக்கு பிசிகியூ-டவுன்லோட்-டிஃபோல்ட். பிசிகியூ எண்டது முகவரிக்கு முகவரி சமனாப் பிரிக்கிற முறை. அவ்வளவுதான். 20 பேர் ஒண்டா இழுத்தா ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் சொச்சம். சூம் வகுப்பு கேட்க அது காணும். ஒருத்தி மட்டும் முழிச்சிருந்தா 43உம் அவவுக்கு. ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் எண்டு நிரந்தரமா வெட்டி வைக்கிற முறையை விட இது எவ்வளவோ நல்லம். அதில ராத்திரி 2 மணிக்கும் லைன் சும்மா கிடக்கும், பிள்ளைக்கும் 2தான்.

பிசிகியூவின்ர வரிசையில நிக்கக்கூடிய தரவுக்கு டோட்டல் லிமிட் 2000 கிலோபைட், ஒரு முகவரிக்கான லிமிட் 50. 40 முகவரிக்கு மேல ஒரே நேரத்தில வேலை செஞ்சா அது காணாது. 24 பேர், ஆளுக்குப் போனும் லெப்டொப்பும் எண்டா 48. டோட்டலை 3000 ஆக்கிடுங்க.

வந்தாறுமூலை வீடு:

ஹெக்ஸ் வந்து சொன்ன மாதிரியே போட்டாச்சு. சோதினை இப்பிடி வந்திச்சு: கீழ ரவுட்டருக்கு 3, 8.8.8.8க்கு 880. மேல ரவுட்டருக்கே 140. கியூ போட்ட பிறகும் பின்னேரம் பெரிசா மாற்றமில்ல. நெட் முழுக்க இழுபடுற நேரத்திலயும் கியூ பச்சையாத்தான் நிக்குது, அதில கணக்கும் ஏறுறது இல்ல. டோர்ச் (யார் எவ்வளவு இழுக்கிறாங்க எண்டு காட்டுற பக்கம்) போட்டுப் பார்த்தா மேல இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் 192.168.88.14 எண்ட ஒரே முகவரியாத் தெரியினம்.

ஒலுவில் கேபிள்:

அக்கா, இரண்டு தவறு. இரண்டும் சின்னவை.

கியூவில் கணக்கு ஏறவில்லை என்றால் ஃபாஸ்ட்ட்ராக். மைக்ரோடிக் பெட்டி வரும்போதே ஃபயர்வால் ஃபில்டரில் அந்த விதி போட்டபடி வரும். சிபியு வேலையைக் குறைப்பதற்காக, நிலைபெற்ற இணைப்புகளைக் கியூவைத் தொடாமலே குறுக்கு வழியால் அனுப்பிவிடும். ஐபி, ஃபயர்வால், ஃபில்டர் ரூல்ஸ் போய், ஃபாஸ்ட்ட்ராக் என்று எழுதியிருக்கும் வரியைத் தெரிவு செய்து சிவப்புக் குரொஸை அழுத்துங்கள். ஏற்கனவே திறந்த இணைப்புகள் பழைய வழியிலேயே போகும்; அதனால் பெட்டியை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். பிறகு பாதிக்கு மேல் நிரம்பும்போது கியூ மஞ்சளாகும், 75 வீதத்தைத் தாண்டினால் சிவப்பு. பின்னேரம் சிவப்பைக் கண்டால் பயப்படாதீர்கள். வரிசை இப்போது உங்கள் பெட்டிக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மாடி ரவுட்டரின் வேன் போட்டில் (வெளி நெட் வரும் துளை) கேபிளைச் செருகியிருக்கிறீர்கள். அது தன் பின்னால் இருக்கும் எல்லோரையும் ஒரே முகவரிக்குள் ஒளித்துவிடும். பிசிகியூவுக்கு மாடி முழுவதும் ஒரே ஆள். கீழே ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் பங்கைத்தான் மேலே பன்னிரண்டு பேர் பிரித்துக்கொள்கிறார்கள். முதலில் அந்தப் பழைய ரவுட்டருக்குள் போய் லேன் முகவரியை 192.168.88.2 ஆக்குங்கள், டிஎச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) நிறுத்துங்கள், சேமியுங்கள். அதற்குப் பிறகு கேபிளைக் கழற்றி அதன் லேன் போட்டில் செருகுங்கள். டிஎச்சிபியை நிறுத்தாமல் மாற்றினால் இரண்டு பெட்டிகளும் முகவரி கொடுக்கத் தொடங்கும். பாதிப் பேருக்கு நெட் வரும், பாதிப் பேருக்கு வராது. அந்தக் குழப்பத்தைத் தேடிப் பிடிக்க ஒரு நாள் போய்விடும்.

மேலே ரவுட்டருக்கே 140 வருவது வைஃபை நெரிசல். பழைய பெட்டி 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும் கொடுப்பதாக இருக்கலாம். சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸுக்குக் குறைத்து, கீழே சனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11 வையுங்கள். கொங்கிரீட் தட்டுக்கும் இரண்டு சுவருக்கும் அப்பால் கடைசி அறையில் இருக்கும் போன் மிக மெதுவான வேகத்தில் பேசும். அது ஒரு படத்தை அனுப்பி முடியும்வரை காற்றில் மற்றவர்களுக்கு இடமில்லை. அதைக் கியூ திருத்தாது. முடிந்தால் 5 கிகாஹேர்ட்ஸ் உள்ள அக்சஸ் பொயிண்ட் ஒன்றை மேல் விறாந்தையின் நடுவில், கேபிளில் வையுங்கள். ரிப்பீட்டர் வேண்டாம்; ஒரே ரேடியோவால் வாங்கி ஒரே ரேடியோவால் கொடுப்பதால் வேகம் பாதியாகும்.

வாழைச்சேனை 07:

இவ்வளவு கரைச்சல் எதுக்கு? டொரண்டையும் யூடியூபையும் பெட்டியில தடுத்தா எல்லாம் சரிதானே?

கல்லடிப் பாலம்:

தம்பி, டொரண்ட் ஒரு போட்டில நிக்காது, ஒவ்வொரு தடவையும் வேற போட் எடுக்கும். உள்ளடக்கமும் மறைச்சுத்தான் போகுது. உள்ளடக்கத்தைப் பார்த்துத் தடுக்கிற லேயர் 7 விதி போட்டா பெட்டியின்ர சிபியு களைக்கும், டொரண்ட் களைக்காது. யூடியூபில பாடமும் இருக்கு, கெம்பஸ் விரிவுரையாளரே அங்க வீடியோ போட்டிருப்பார். பங்கு சமனாப் பிரிஞ்சிட்டா டொரண்ட் போடுற பிள்ளை தன்ர பங்கைத்தான் திண்ணும்.

யார் எண்டு பார்க்கத்தான் வேணும் எண்டா ஐபி, ஃபயர்வால், கனெக்ஷன்ஸ் திறந்து ஒரே முகவரியில எத்தினை இருக்கு எண்டு எண்ணுங்க. ஒரு லெப்டொப்பில 400, 500 யூடிபி இணைப்பு நிண்டா அது டொரண்ட்தான். அந்த முகவரி யாரிட எண்டு டிஎச்சிபி லீஸஸில பேர் இருக்கும். கூப்பிட்டுச் சொல்லுங்க, அப்லோடை ஓஃப் பண்ணிட்டு இராத்திரியில போடச் சொல்லுங்க. கூட ஆக்களுக்கு அது போதும்.

அக்காவுக்கு இன்னொண்டு. ஹெக்ஸில ஓடுற மென்பொருள் ரவுட்டர் ஓஎஸ் 7 எண்டா பிசிகியூவுக்குப் பதிலா கேக் எண்ட கியூ டைப் வைக்கலாம். பிசிகியூ ஆளுக்கு ஆள் சமன் பண்ணும். ஆனா ஒரே போன்ல அப்டேட்டும் ஓடி சூமும் ஓடினா அந்தப் பிள்ளைக்குச் சூம் இழுபடும். கேக் அதையும் பிரிச்சு விடும். டவுன்லோடுக்கு ஃப்ளோ மோட் டுவல்-டிஎஸ்டி-ஹோஸ்ட், அப்லோடுக்கு டுவல்-எஸ்ஆர்சி-ஹோஸ்ட், நாட் டிக் ரெண்டிலயும். கேக்குக்குள்ள பேண்ட்வித் இலக்கம் போடாதீங்க, வெளியால இருக்கிற மெக்ஸ் லிமிட்டே அந்த வேலையைச் செய்யும்.

ஒலுவில் கேபிள்:

இனி 400 ஜிபி. மேலே சொன்ன எதுவும் ஒரு ஜிபியைக்கூட மிச்சப்படுத்தாது. லைன் ஒழுங்காக ஓடினால் டேட்டா இன்னும் வேகமாக முடியவும் கூடும்.

மேக் முகவரியை நம்பிக் கணக்கு வைக்காதீர்கள். ஆண்ட்ரொய்ட் 10, ஐஓஎஸ் 14 இலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தாமாகவே ஒரு முகவரியை உருவாக்கிக் காட்டும். செட்டிங்கில் ஒரு தட்டலில் அது மாறும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது உருவாக்கிய முகவரி. உங்கள் லீஸ் பட்டியலைப் பாருங்கள், போன்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆளுக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். ஹெக்ஸின் ஹொட்ஸ்பொட் அதைக் கேட்டுத்தான் நெட்டைத் திறக்கும். ஐபி, ஹொட்ஸ்பொட், ஹொட்ஸ்பொட் செட்டப், இன்டர்ஃபேஸ் பிரிட்ஜ். பயனர் புரொஃபைலில் ஷெயார்ட் யூசர்ஸ் 2: ஒரு போன், ஒரு லெப்டொப். இதிலேயே இன்னொரு நன்மை உண்டு. பிசிகியூ முகவரியைத்தான் எண்ணும், மூன்று சாதனம் வைத்திருக்கும் பிள்ளைக்கு மூன்று பங்கு போகும். ஹொட்ஸ்பொட்டில் அது இரண்டோடு நிற்கும்.

ரேட் லிமிட் போடுவதென்றால் 2எம்/15எம். முதல் இலக்கம் ரவுட்டர் வாங்குவது, அதாவது பிள்ளையின் அப்லோட். தலைகீழாகப் போட்டுவிட்டு "டவுன்லோட் 2தான் வருகிறது" என்று தேடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ரேட் லிமிட் போட்டதும் ஒவ்வொருவருக்கும் தானாக ஒரு சிம்பிள் கியூ உருவாகும். சிம்பிள் கியூ மேலிருந்து கீழே பார்க்கப்படும். முதலில் பொருந்துவது எடுத்துக்கொள்ளும். உங்கள் 43எம் கியூ மேலே நின்றால் கீழே உள்ளவற்றுக்கு ஒன்றும் வராது. ஆகவே புரொஃபைலில் பேரண்ட் கியூ என்ற இடத்தில் அந்த 43எம் கியூவின் பெயரைக் கொடுங்கள்.

டேட்டா பங்கு: 400இல் 40 ஒதுக்கி வையுங்கள், அப்டேட்டும் விருந்தாளிகளும் இருக்கும். 360ஐ 24ஆல் பிரித்தால் ஆளுக்கு 15 ஜிபி. ஹொட்ஸ்பொட் யூசரில் லிமிட் பைட்ஸ் டோட்டல் என்ற இடத்தில் 15000000000. மாதம் முதலாம் தேதி ரீசெட் ஓல் கவுண்டர்ஸ் அழுத்த மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் எல்லோரும் பழைய கணக்கிலேயே அடைபட்டு நிற்பார்கள்.

15 ஜிபி எவ்வளவு என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை போகும்: ஐந்து மணித்தியாலத்தில் மாதம் முடிந்தது. அதிலேயே மீடியம் தரம் வைத்தால் மணிக்கு 0.7 ஜிபி: இருபத்தொரு மணித்தியாலம். ஆறங்குலப் போன் திரையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. உங்கள் பக்கேஜில் இரவுக்குத் தனி டேட்டா இருந்தால் பெரிய டவுன்லோட்களை அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள்.

முக்கியமாக ஒன்று. பங்கு முடிந்த பிள்ளைக்கு நெட் முழுதாக நின்றுவிடும். இரவு 11.55க்கு அசைன்மெண்ட் ஏற்ற வேண்டியவளுக்கு அப்படி நடக்கக்கூடாது. கெம்பஸ் பாடத்தளத்தின் முகவரியை வால்ட் கார்டன் ஐபி லிஸ்டில் சேர்த்துவிடுங்கள். லொகின் இல்லாமலே அந்தத் தளம் திறக்கும்.

இதைத் தொடங்க முதல் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்: யார் எவ்வளவு ஜிபி எடுத்தார் என்பது தெரியும், என்ன பார்த்தார் என்பதை நாங்கள் பார்ப்பதில்லை என்று. சொல்லாமல் செய்தால் அவர்கள் பயப்படுவார்கள், அது நியாயமும் கூட.

பொத்துவில் கரை:

அறுகம்பே பக்கம் கெஸ்ட் ஹவுஸ், ஃபைபர் இல்ல, 4ஜி ரவுட்டர்தான். பகல்ல 30 வருது, பின்னேரம் 6. இதில 90 வீதம் எண்டு எதை வைக்கிற?

கல்லடிப் பாலம்:

27 எண்டு வைச்சா பின்னேரம் டவரில வரிசை கட்டும், உங்கட வாசல் சும்மா திறந்து கிடக்கும். ரெண்டு கியூ போடுங்க. பின்னேரத்துக்குரிய 5எம் கியூவை மேல வைச்சு, டைம் எண்ட இடத்தில 17 மணியில இருந்து 23 மணி எண்டு குடுங்க. மற்ற நேரத்துக்கு 25எம் கியூ கீழ நிக்கட்டும். அப்லோடையும் அதே மாதிரி ரெண்டு நேரத்திலயும் அளந்து போடுங்க. ஹெக்ஸுக்குள்ள மணிக்கூட்டுக்கு பேட்டரி இல்ல, கரண்ட் போய் வந்தா நேரம் பிழைக்கும். சிஸ்டத்தில என்டிபி கிளையண்டை (நெட்டில இருந்து நேரம் எடுக்கிறது) போட்டு, நேர வலயத்தைக் கொழும்பு எண்டு வைச்சிடுங்க. ஓப்பன் டபிள்யூஆர்டி எண்ட இலவச மென்பொருள் ஏத்தின ரவுட்டர் இருந்தா கேக்-ஓட்டோரேட் எண்ட ஸ்கிரிப்ட் பிங்கைப் பார்த்துத் தானா ஏத்தி இறக்கும். கூடிக் குறையிற 4ஜிக்கு அதுதான் பொருத்தம்.

வந்தாறுமூலை வீடு:

ஃபாஸ்ட்ட்ராக்கை நிறுத்தி, மாடிப் பெட்டியை லேன் போட்டுக்கு மாத்தியாச்சு. நேற்றுப் பின்னேரம் 8 மணிக்கு கியூ சிவப்பு, 8.8.8.8க்குப் பிங் 31. மேல ரவுட்டருக்கு 140 இருந்தது சனல் மாத்தின பிறகு 20க்குள்ள. ஹொட்ஸ்பொட் அடுத்த முதலாம் தேதியில இருந்து.

ஒண்டு கேட்கணும். நெட்கட் எண்ட அப் ஒண்டால ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளை வெட்டுறதாச் சொல்றாங்க. அதுக்கும் இந்தக் கியூ உதவுமா?

ஒலுவில் கேபிள்:

உதவாது. அந்த அப், "நான்தான் ரவுட்டர்" என்று மற்றப் போன்களுக்குப் பொய் சொல்லி அவர்களின் வழியைத் திருப்புகிறது. அந்தப் பொய் ஒரு போனில் இருந்து இன்னொரு போனுக்கு நேரடியாகப் போகக்கூடாது. அக்சஸ் பொயிண்டில் கிளையண்ட் ஐசொலேஷன் அல்லது ஏபி ஐசொலேஷன் என்று ஒரு டிக் இருக்கும், கீழேயும் மேலேயும் போடுங்கள். அந்த டிக் ஒரே அக்சஸ் பொயிண்டில் இருப்பவர்களைத்தான் பிரிக்கும். மாடிக்கும் கீழுக்கும் இடையில் அடைக்க ஹெக்ஸின் பிரிட்ஜ், போட்ஸ் பக்கத்தில் அந்த இரண்டு போட்டுக்கும் ஹொரைசன் 1 என்று ஒரே இலக்கம் கொடுங்கள். வைஃபை பிரிண்டர் இருந்தால் அதற்குப் பிறகு போனில் இருந்து அச்சடிக்க முடியாது. அதை ஹெக்ஸில் தனிப் போட்டில் கேபிளால் செருகி, அந்தப் போட்டுக்கு ஹொரைசன் போடாமல் விடுங்கள்.

கல்லடிப் பாலம்:

பிங் 31 நல்ல இலக்கம், அப்பிடியே விடுங்க. பக்கேஜைக் கூட்டினா 43, 8.5 ரெண்டையும் அண்டைக்கே அளந்து மாத்துங்க. இல்லாட்டி 100க்குக் காசு கட்டிட்டு 43இலதான் இருப்பீங்க.